நரம்பியல்: முதலில் இடம், பிறகு பெயர்

இறுதியாண்டுப் பொது மருத்துவத் தேர்வுக்கோ நீட் பி.ஜி.க்கோ தயாராகும் மாணவர்கள் என்னிடம் வந்து சொல்லும் வருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: "நியூராலஜியை மூன்று தடவை படித்துவிட்டேன் அக்கா, மறுநாள் எதுவும் மனத்தில் நிற்பதில்லை." அவர்களுடைய நோட்டை வாங்கிப் பார்ப்பேன். பக்கவாதத்துக்கு நான்கு பக்கம், கில்லன்-பாரேவுக்கு (புற நரம்புகளைத் தாக்கும் அழற்சி நோய்) இரண்டு பக்கம், பார்க்கின்சனுக்கு மூன்று பக்கம் என்று நோய்களின் பெயரால் பிரித்து, அடிக்கோடிட்டு, அழகாக எழுதியிருப்பார்கள். உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. படித்த வரிசைதான் அவர்களைக் கைவிடுகிறது. நரம்பு மண்டலத்தில் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியை விட்டுவிட்டு அறிகுறிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் அவை ஒன்றோடொன்று கலந்துபோகும்.

ஏற்கெனவே ஒரு முறை பாடத்தைப் படித்துவிட்டு, தேர்வுக்கு முன் திரும்பிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கான வழி இது. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று பன்னிரண்டு நாள் போதும். வெள்ளைத்தாள், நான்கு நிறப் பேனாக்கள், ரிஃப்ளெக்ஸ் (அனிச்சைச் செயல்) பார்க்கும் சுத்தியல், டார்ச், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கும் ஓர் அறைத்தோழர். முதல் நான்கு நாள்களில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

முதல் நாள்: இரண்டு கேள்விகள்

தாளின் மேற்பகுதியில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். பாதிப்பு எங்கே? அது என்ன? இந்த வரிசை மாறவே கூடாது. முதல் கேள்விக்கு விடை தருவது உடற்பரிசோதனை. இரண்டாவதற்கு விடை தருவது பெரும்பாலும் காலம். நொடிகளில், நிமிடங்களில் வந்தது என்றால் ரத்தக்குழாய் அல்லது வலிப்பு. மணிகள், நாள்கள் என்றால் தொற்று, அழற்சி. வாரம், மாதம் என்று மெல்ல ஏறினால் கட்டியையும் காசநோயையும் நினையுங்கள். ஆண்டுக்கணக்கில் என்றால் நரம்புச் சிதைவு நோய்களும் மரபு நோய்களும். வந்துவந்து போனால் வலிப்பு, ஒற்றைத் தலைவலி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புறை சிதையும் நோய்), மயஸ்தீனியா (நரம்பு-தசை இணைப்பு நோய்).

வினாத்தாளில் "மூன்று நாள்களாக", "இரண்டு ஆண்டுகளாக" என்று வரும் சொல்லை அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். கேள்வி எழுதியவர் அந்தச் சொல்லை யோசித்துத்தான் வைத்திருக்கிறார். பென்சிலால் வட்டமிட்டுப் பழகுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்: மூளையிலிருந்து தசை வரை ஒரு சாலை

தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். பெருமூளைப் புறணி, இன்டர்னல் கேப்ஸ்யூல் (மூளையின் ஆழத்தில் நார்கள் செல்லும் பாதை), மூளைத்தண்டு, தண்டுவடம், முன்கொம்பு அணு (தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணு), நரம்பு வேர், புற நரம்பு, நரம்பு-தசை இணைப்பு, தசை. இவை ஒன்பதும் அந்தச் சாலையின் நிறுத்தங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை மட்டும் எழுதுங்கள்.

முன்கொம்புக்கு மேலே இருப்பது அப்பர் மோட்டார் நியூரான் (மேல் இயக்க நரம்பணு) பகுதி. அங்கே பாதிப்பு என்றால் தசை இறுகும், ரிஃப்ளெக்ஸ் கூடும், 1896-இல் பாபின்ஸ்கி விவரித்தபடி கால் பெருவிரல் மேலே எழும். முன்கொம்பிலிருந்து கீழே என்றால் தசை தளரும், மெலியும், துடிக்கும், ரிஃப்ளெக்ஸ் போய்விடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. திடீரெனத் தண்டுவடம் அடிபட்டால் முதல் சில நாள்கள் கால்கள் தளர்ந்தே கிடக்கும், ரிஃப்ளெக்ஸும் இருக்காது. அதைப் பார்த்துக் கில்லன்-பாரே என்று எழுதிவிடக் கூடாது. உணர்வு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

புறணியா, கேப்ஸ்யூலா என்ற கேள்வி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தவறாமல் வரும். புறணி என்றால் பேச்சிழப்பு, ஒரு பக்கத்தையே கவனியாமை, வலிப்பு போன்றவை சேர்ந்திருக்கும். முகம், கை, கால் ஆகியவற்றின் பலவீனமும் சமமாக இருக்காது. கேப்ஸ்யூலில் எல்லா நார்களும் நெருங்கி ஓடுவதால் மூன்றும் ஒரே அளவில் விழும், பேச்சிழப்பு வராது. நடுப்பெருமூளைத் தமனி அடைத்தால் முகமும் கையும் காலைவிட அதிகமாகப் பாதிக்கப்படும். முன்பெருமூளைத் தமனி என்றால் கால்தான். பின்பெருமூளைத் தமனி என்றால் எதிர்ப்பக்கப் பார்வைப்புலத்தில் பாதி போகும், நடுப்பார்வை பெரும்பாலும் தப்பும்.

தண்டுவடத்துக்கு வந்ததும் சற்று நில்லுங்கள். தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் கீழ் விளிம்பருகே முடிந்துவிடுகிறது. பத்தாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருப்பவை தண்டுவடத்தின் எல்1, எல்2 துண்டங்கள் (சி என்றால் கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் திருகெலும்புப் பகுதி). இது தெரியாமல் இரண்டு கால்களும் இறுகிப்போன நோயாளிக்கு இடுப்பு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. எழுதிவிடுவார்கள். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானும் அப்படி எழுதியிருக்கிறேன். படம் இயல்பாக வந்தது. கட்டி மார்புப் பகுதியில் இருந்தது. அந்த நோயாளி மூன்று நாள்களை இழந்தார். அன்றிலிருந்து, கால்கள் இறுகி ரிஃப்ளெக்ஸ் கூடியிருந்தால் இடுப்பு முதுகெலும்போடு நிறுத்தக் கூடாது என்பதை ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லிவருகிறேன்.

முன்கொம்பு நோயில் உணர்வு கெடுவதில்லை. இயக்கம் மட்டுமே போகும். மோட்டார் நியூரான் நோயில் மெலிந்த தசையிலேயே ரிஃப்ளெக்ஸ் துள்ளும். அந்த முரண்தான் அதன் கையெழுத்து. இங்கே நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒரு நோயையும் குறித்துக்கொள்ளுங்கள்: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். இளவயதில் தொடங்கும், மெல்லப் போகும், முகமும் தொண்டையும் பலவீனமாகும், காதும் கேளாமல் போகும். இளைஞர், மோட்டார் நியூரான் நோய், செவித்திறன் குறைவு என மூன்றும் ஒரே கேள்வியில் வந்தால் இதை நினையுங்கள்.

வேரா நரம்பா என்பதற்கு நான் தரும் பயிற்சி, பாதம் தொங்கும் நோயாளி. எல்5 வேரா, முழங்காலுக்கு வெளியே ஓடும் பொதுப் பெரோனியல் நரம்பா? பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப முடியவில்லை என்றால் வேர். முடிகிறது என்றால் நரம்பு. அதைச் செய்யும் தசைக்கு எல்5 வேரிலிருந்து வரும் நார்கள் வேறொரு நரம்பு வழியாகப் போகின்றன. இப்படி ஒரு காரணத்தோடு சேர்ந்த தகவல் மறப்பதில்லை.

புற நரம்பில் கையுறை, காலுறை போன்ற மரத்துப்போதலும், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் முதலில் மறைவதும் அடையாளம். தொழுநோயை இங்கே தனியாக எழுதிக்கொள்ளுங்கள். நரம்பு தடித்திருக்கும், குறிப்பாக முழங்கையில் அல்நார் நரம்பு, தோல் மரத்துவிடும், ஆனால் ரிஃப்ளெக்ஸ் பெரும்பாலும் இருக்கும். தொட்டுப் பார்க்காமல் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது.

நரம்பு-தசை இணைப்பில் சோர்வுதான் அடையாளம்: காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இமை தூக்க முடியாமல் இருப்பார். தசை நோயில் தோளும் இடுப்பும் முதலில் பலவீனமாகும். அலமாரி மேல்தட்டும் தரையிலிருந்து எழுவதும்தான் அவருடைய முறையீடாக இருக்கும்.

எண்களை உடம்பில் எழுதிவைத்தல்

இதற்கு அரை மணி நேரம் போதும். கணுக்கால் எஸ்1-2, முழங்கால் எல்3-4, கையின் இருதலைத்தசை சி5-6, முத்தலைத்தசை சி7-8. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை, காலிலிருந்து கைக்கு ஏறுகிறது. உணர்வு மட்டங்களை உங்கள் உடம்பிலேயே தொட்டுச் சொல்லுங்கள்: கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8, மார்புக்காம்பு டி4, தொப்புள் டி10, கவட்டை எல்1, கால் பெருவிரல் எல்5, கால் சுண்டுவிரல் எஸ்1. குளிக்கும்போது சொல்லிப்பார்த்தால் மூன்று நாளில் பழகிவிடும்.

நான்காம் நாள் முழுவதும் மூளைத்தண்டு

மாணவர்கள் அதிகம் பயப்படும் பகுதி இது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் இங்கே மனப்பாடம் ஏறக்குறைய தேவையே இல்லை. கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். நான்கின் விதி என்று இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நடுவில் நான்கு பொருள்கள். ஆங்கிலத்தில் அவை எல்லாம் எம் எழுத்தில் தொடங்கும்: மோட்டார் பாதை, மீடியல் லெம்னிஸ்கஸ், எம்.எல்.எஃப். என்று அழைக்கப்படும் கண்ணசைவு இணைப்பு, மோட்டார் நரம்பு அணுக்கூட்டம். முதல் இரண்டும் கெட்டால் எதிர்ப்பக்கத்தில் கைகால் பலவீனமும் அதிர்வுணர்வு இழப்பும் வரும். பின் இரண்டும் கெட்டால் அதே பக்கத்தில் அறிகுறி தெரியும்.

பக்கவாட்டில் நான்கு, எல்லாம் எஸ்: ஸ்பைனோசெரிபெல்லர், ஸ்பைனோதலாமிக், ஐந்தாம் நரம்பின் சென்சரி அணுக்கூட்டம், சிம்பதெடிக் பாதை. இவற்றில் ஸ்பைனோதலாமிக் மட்டும் எதிர்ப்பக்க உடம்பின் வலியையும் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. மற்ற மூன்றும் அதே பக்கம்: தள்ளாட்டம், முகத்தில் வலியுணர்வு இழப்பு, ஹார்னர் (இமை லேசாக இறங்கிக் கருமணி சிறுத்தல்).

மண்டை நரம்புகளில் 9 முதல் 12 வரை முகுளம், 5 முதல் 8 வரை பான்ஸ் (முகுளத்துக்கு மேலுள்ள பகுதி), 3-உம் 4-உம் நடுமூளை. முதல் இரண்டும் மூளைத்தண்டைச் சேர்ந்தவை அல்ல. நடுவில் இருக்கும் மோட்டார் நரம்புகள் பன்னிரண்டை மீதியில்லாமல் வகுப்பவை: 3, 4, 6, 12. பக்கவாட்டில் இருப்பவை 5, 7, 9, 11.

இப்போது பாருங்கள். முகுளத்தின் பக்கவாட்டுப் பகுதி ரத்தமின்றிப் போகிறது. பக்கவாட்டின் நான்கையும் எழுதுங்கள்: அதே பக்கத் தள்ளாட்டம், அதே பக்க முகத்தில் வலி தெரியாமை, அதே பக்க ஹார்னர், எதிர்ப்பக்க உடம்பில் வலி தெரியாமை. முகுளத்தின் பக்கவாட்டு நரம்புகளைச் சேருங்கள்: விழுங்குவது கடினம், குரல் கரகரப்பு. பக்கத்திலேயே வெஸ்டிபுலர் அணுக்கூட்டம் இருப்பதால் தலைசுற்றலும் வாந்தியும். வாலன்பெர்க் நோய்த்தொகுதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். கைகால் பலவீனம் ஏன் இல்லை? மோட்டார் பாதை நடுவில் இருக்கிறது, அதனால் தப்பியது. எந்தத் தமனி என்று கேட்டால் தேர்வுகள் எதிர்பார்க்கும் பெயர் பைக்கா, அதாவது சிறுமூளையின் பின்-கீழ்த் தமனி. நடைமுறையில் பெரும்பாலும் அடைபடுவது வெர்டிப்ரல் தமனி. வைவாவில் இரண்டையும் சொல்லுங்கள்.

அதே முறையில் நடுமூளையின் உட்புறத்தை எடுங்கள்: மூன்றாம் நரம்பு அதே பக்கம், கைகால் எதிர்ப்பக்கம். அது வெபர். முகுளத்தின் உட்புறம் என்றால் நாக்கு பாதிப்புப் பக்கமே சாயும், கைகால் எதிர்ப்பக்கம் விழும். முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம் என்று குறுக்காக வந்தாலே மூளைத்தண்டை நினைக்க வேண்டும். நான்கு நிறப் பேனாவால் இந்தப் படத்தைத் தினமும் ஒரு முறை, பார்க்காமல், ஐந்து நிமிடத்துக்குள் வரையுங்கள். மீதமுள்ள எட்டு நாளும் இதை நிறுத்தக் கூடாது.

ஐந்தாம் நாளிலிருந்து: நோய்கள், ஆனால் ஜோடியாக

இனிப் புத்தகத்தைத் திறக்கலாம். ஒரு நோயைத் தனியாகப் படிக்காதீர்கள். அதோடு குழம்பக்கூடிய நோயையும் பக்கத்தில் வையுங்கள். தேர்வாளர் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

இமை இறங்கிய நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். ஒரே கண், கருமணி விரிந்து, கண் வெளியேயும் கீழேயும் திரும்பியிருந்தால் மூன்றாம் நரம்பை ஏதோ அழுத்துகிறது. பின் இணைப்புத் தமனி வீக்கம் பற்றிப் பயப்பட வேண்டும். கருமணி பாதிக்கப்படாமல் இருந்தால் நீரிழிவு முதல் சந்தேகம். இமை லேசாக இறங்கிக் கருமணி சிறுத்திருந்தால் ஹார்னர். இரண்டு கண்ணிலும் சோர்வோடு வந்து, கருமணியும் ரிஃப்ளெக்ஸும் இயல்பாக இருந்தால் மயஸ்தீனியா. கண்ணசைவு இல்லை, தள்ளாட்டம், ரிஃப்ளெக்ஸ் இல்லை என்றால் மில்லர் ஃபிஷர் (கில்லன்-பாரேவின் ஒரு வகை). கருமணி விரிந்து, பலவீனம் மேலிருந்து கீழே இறங்கினால் பாட்டுலிசம் (பாக்டீரியா நச்சால் வரும் வாதம்).

இந்தப் பட்டியலில் நம் நாட்டு மாணவர் விடக் கூடாத ஒன்று கட்டுவிரியன் கடி. தரையில் படுத்துத் தூங்கியவர் அதிகாலையில் வயிற்றுவலியோடு எழுகிறார், இமைகள் இறங்குகின்றன, விழுங்க முடியவில்லை. கடித்த தடமே தெரியாமல் இருக்கலாம். கட்டுவிரியன் நஞ்சு பெரும்பாலும் நரம்பு முனையையே கெடுப்பதால் நியோஸ்டிக்மின் அதிகம் உதவுவதில்லை. நல்ல பாம்பின் நஞ்சு இணைப்பின் மறுகரையில் வேலை செய்வதால் அங்கே உதவும். கட்டுவிரியன் கடித்தவருக்கு நஞ்சுமுறி மருந்தோடு, மூச்சு திணறினால் வென்டிலேட்டர்தான் உயிர் காக்கும். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் நஞ்சு இந்த மருந்துக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த ஜோடி மயஸ்தீனியாவும் லாம்பர்ட்-ஈட்டனும். முன்னது உழைக்க உழைக்கக் குறையும், மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் கோளாறைத் தேட வேண்டும். பின்னது சிறிது உழைத்ததும் கூடும், ரிஃப்ளெக்ஸ் குறைந்திருக்கும், வாய் உலரும், நுரையீரலில் சிற்றணுப் புற்றைத் தேட வேண்டும்.

கில்லன்-பாரேவில் பலவீனம் காலிலிருந்து ஏறும். மூளைத்தண்டுவட நீரில் புரதம் மட்டும் கூடி அணுக்கள் கூடாமல் இருப்பது 1916-இலேயே கவனிக்கப்பட்டது; முதல் வாரத்தில் அதுவும் இயல்பாக இருக்கலாம். இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள், அல்லது பிளாஸ்மா மாற்றம். ஸ்டீராய்டு பயன் தராது. இது பலமுறை கேட்கப்பட்ட வரி.

மூளையுறை அழற்சியில் மூன்று வரிகள் போதும். மூளைத்தண்டுவட நீரில், பாக்டீரியா: நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு), சர்க்கரை குறைவு, புரதம் அதிகம். காசநோய்: லிம்ஃபோசைட் (மற்றொரு வகை வெள்ளணு), சர்க்கரை குறைவு, புரதம் மிக அதிகம். வைரஸ்: லிம்ஃபோசைட், சர்க்கரை இயல்பு.

வலிப்போடு வரும் இளைஞரின் மூளையில் ஒற்றை வளையப் புள்ளி இருந்தால் நாடாப்புழு நீர்க்கட்டியா, காசநோய்க் கட்டியா? 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, உள்ளே புழுத்தலையின் புள்ளி என்றால் முன்னது. அதைவிடப் பெரியது, விளிம்பு ஒழுங்கற்றது, நடுக்கோட்டைத் தள்ளுகிறது என்றால் பின்னது. இதற்கான அளவுகோல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உருவானது.

மருந்து எண்கள், பிழைக்கே இடமில்லாதவை

ஒரே பக்கத்தில் அடங்கும் அளவுக்குத்தான் எழுத வேண்டும். திடீர்ப் பக்கவாதத்துக்கு முதல் சோதனை கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. அடைப்பைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் 4.5 மணி நேரத்துக்குள், கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. பத்தில் ஒரு பங்கு முதலில் ஒரே தடவையாக. தொடங்குமுன் ரத்த அழுத்தம் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய தமனி அடைப்பில், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை அடைப்பை இழுத்தெடுக்கலாம். மூளையுறை அடி ரத்தக்கசிவில் நிமோடிபின் 60 மில்லிகிராம் நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள். ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு ஸ்டேட்டஸ் (நில்லாத வலிப்பு): முதலில் லோரசெபாம், அடுத்து லெவெடிரசெடாம், வால்ப்ரோயேட், ஃபாஸ்ஃபெனிடாயின் ஆகியவற்றில் ஒன்று. அப்சென்ஸ் வலிப்பை (சில நொடிகள் நினைவு தவறும் வலிப்பு) கார்பமசெபின் மோசமாக்கும். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க வேண்டும். குடிப்பழக்கமோ பட்டினியோ உள்ளவர் குழப்பத்தோடு வந்தால் தயமினைக் குளுக்கோஸுக்கு முன்பே கொடுங்கள்.

கேள்விகளோடு பழகுதல்

எட்டாம் நாளிலிருந்து தினமும் நாற்பது கேள்வி. நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள். சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. எனவே விடைகளைப் பார்க்குமுன் கேள்வியின் ஓரத்தில் இடத்தின் பெயரை எழுதுங்கள்: "பான்ஸ், வலப்பக்கம்". பிறகு விடைகளைப் படித்தால் நான்கில் இரண்டு தாமாகவே கழியும். தவறிய கேள்விகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். இடமே தவறியது, இடம் சரி தகவல் தவறியது. முதல் வகை அதிகமாக இருந்தால் மறுபடி சாலைப் படத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மேலும் ஒரு புத்தகம் வாங்குவதால் பயனில்லை. தவறியவற்றை மறுநாளும், நான்காம் நாளும் திரும்பச் செய்யுங்கள்.

செய்முறைத் தேர்வு

லாங் கேஸில் (ஒரு நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விளக்கும் தேர்வில்) முடிவைச் சொல்லும் வாக்கியத்தை வாய்விட்டுப் பழகாமல் போகாதீர்கள். "56 வயது, வலக்கைப் பழக்கமுள்ளவர், இரண்டு நாள் முன்பு திடீரென வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சிழப்பு உண்டு. இடம், இடப் பெருமூளைப் புறணி. ரத்தக்குழாய், இட நடுப்பெருமூளைத் தமனி. தன்மை, பெரும்பாலும் அடைப்பு. காரணம், நாடி ஒழுங்கற்றிருப்பதால் இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம்." இடம், குழாய், தன்மை, காரணம் என்ற வரிசை குலையாமல் சொன்னால் தேர்வாளர் இடையில் குறுக்கிடுவது குறையும். எந்தக் கைப் பழக்கம் என்று கேட்க மறந்தால் பேச்சு மையம் பற்றிய முதல் கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் வரவில்லை என்றால் அவசரப்பட்டு "இல்லை" என்று சொல்லாதீர்கள். நோயாளியின் கைவிரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி தட்டுங்கள். பாத ரிஃப்ளெக்ஸை உள்ளங்காலின் வெளி விளிம்பில், குதிகாலிலிருந்து மேல்நோக்கி, மெதுவாக உரசிப் பாருங்கள். முதல் அசைவையே கணக்கில் எடுக்க வேண்டும். நடக்கக்கூடியவரை நடக்கவைத்துப் பாருங்கள். நடை காட்டிக்கொடுப்பதைப் பல மாணவர்கள் படுக்கையிலேயே இழந்துவிடுகிறார்கள்.

கடைசி மாலை புதிதாக எதையும் படிக்க வேண்டாம். மூளைத்தண்டு படத்தை ஒரு முறை வரையுங்கள், மருந்துப் பக்கத்தை ஒரு முறை பாருங்கள், சுத்தியலையும் டார்ச்சையும் இசைக்கவையையும் கோட்டுப் பையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நோயாளியிடம் உங்கள் பெயரைச் சொல்லி, தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் விலக்கிய போர்வையை இழுத்துவிட்டு, நன்றி சொல்லி, அதன்பிறகு எழுத உட்காருங்கள்.